வலிக்கல

அந்த பேக்கரியில் ரொட்டி ஒன்றுதான் மிருதுவாக இருக்கும். மனிதர்களிடம் அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். நான் அங்கே வண்டி ஓட்டுகிறவன். வண்டி என்னுடையது, டீசல் என்னுடையது, உள்ளே அடுக்கும் தட்டும் ரொட்டியும் அவர்களுடையது. கடைகடையாக இறக்கிவிட்டு வருவேன். எனக்கு வாய் நீளம் என்று பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க நான் என்ன மரக்கட்டையா?

முன்பக்கம் கடை. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் கல்லாவில், ரொட்டி சுடும் மாஸ்டரின் மனைவி உட்கார்ந்திருப்பாள். பின்பக்கம் வேலை நடக்கும் அறை. மாவு பிசையும் மெஷின், சுவர் ஓரமாக மாவு மூட்டைகள், நடுவில் நீளமான மேஜை, கடைசியில் அடுப்பு. அடுப்பு மாஸ்டருடையது. மேஜை அவருடைய அக்காவுடையது. மாவில் கையை வைத்த உடனே, "இன்னும் கொஞ்சம் தண்ணி கேக்குது" என்பாள். இரண்டு முன்கைகளிலும் சூடான தட்டு பட்ட தழும்புகள் வரிவரியாக இருக்கும். புருஷன் செத்த பிறகு ஒற்றை ஆளாக அந்த அடுப்பைக் கட்டி, தம்பியை வளர்த்து, கல்யாணமும் செய்து வைத்தவள். அதை அவள் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. அதைக் கேட்டு மாஸ்டரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்ளாத நாளும் கிடையாது. மாடியில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அந்தச் சமையல்கட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு ஜீவன். மாஸ்டரின் மகள். ஏழு வயது. பிறந்தபோது தலை உருண்டையாக இருந்ததால் அத்தைக்காரி பட்டாணி என்று கூப்பிட்டாள். அதுவே நிலைத்துவிட்டது. என்னை வண்டி மாமா என்பாள். வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மாமா, உங்க வண்டிக்கு ஏன் இருமல்?" என்று கேட்பாள். வாயாடி. அத்தையை உரித்து வைத்திருந்தாள். அதைச் சொன்னால் அவள் அம்மாவுக்குப் பிடிக்காது.

அந்தக் குழந்தைக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். சொன்ன அன்று அடுப்பை மூட்டவில்லை. மறுநாள் மூட்டினார்கள். வேறு என்ன செய்வது? கடைக்காரர்கள் ரொட்டி எங்கே என்று என்னைப் பிடித்துத் தின்பார்கள்.

வைத்தியம் ஆரம்பித்தது. குணமாகிவிடும், ஆனால் நீளமான வைத்தியம், பொறுமை வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட ஆரம்பித்ததும் பட்டாணிக்குப் பேய்ப் பசி. முகம் உப்பிப்போய், முடி கொட்டிப்போய், எந்நேரமும் சாப்பாடு சாப்பாடு என்றே பேச்சு. இரண்டாவது ரொட்டிக்கே மூக்கைச் சுளிக்கிற குழந்தை அது. இப்போது அத்தை சுடச்சுட பன்னைப் பிளந்து வெண்ணெய் தடவிக் கொடுக்க, அம்மா முட்டையைப் பொரித்துக் கொடுக்க, இரண்டு பேருக்கும் போட்டி. "சாப்பிடறா பாரு, நோயெல்லாம் ஓடிடும்" என்று அத்தை சொல்வாள். அந்தச் சில நாட்கள்தான் அந்த வீட்டில் கொஞ்சம் சிரிப்பு கேட்டது.

பிறகு தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். அதற்கப்புறம் சில நாள் கழித்து, மத்தியான வேளையில், நான் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரு அலறல். மாவு மூட்டைகளின் மேல் பட்டாணி சுருண்டு கிடந்தாள். வாந்தி எடுத்து எடுத்துப் பச்சையாக வந்தது. முதுகு வரைக்கும் வலிக்குது என்று கத்தினாள். ஏற்றிய ரொட்டியோடு வண்டியை ஆஸ்பத்திரிக்கு விட்டேன்.

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"இரைப்பைக்குப் பின்னாடி கணையம்னு ஒண்ணு இருக்கு. சாப்பாட்டைக் கரைக்கிற சாறு அதுலதான் ஊறுது. நாம போட்ட ஊசி இருக்கே, அது சில குழந்தைங்களுக்கு அந்தக் கணையத்தைப் புண்ணாக்கிடும். அப்ப அந்தச் சாறு தன்னையே அரிக்க ஆரம்பிச்சிடும். இது ஊசியோட பக்கவிளைவு. யாரும் பண்ணின தப்பு இல்ல."

வாய்வழியாகக் கொஞ்ச நாள் ஒன்றும் தரக் கூடாது என்றார். கையில் குழாயைப் போட்டுத் தண்ணீர் ஏற்றினார்கள், வலிக்கு மருந்து ஏற்றினார்கள். மாத்திரை கிளப்பிவிட்ட பசி இன்னும் அடங்காத குழந்தை. பக்கத்துக் கட்டிலுக்குத் தட்டு வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள். பேக்கரிக்காரன் பெண்ணுக்கு அப்படி ஒரு கதி. எனக்கு அந்த டாக்டர் மேலும் கடவுள் மேலும் எதிரில் வந்த எல்லார் மேலும் கோபமாக வந்தது.

நல்ல வேளையாக லேசாக வந்து சீக்கிரமே அடங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "கொஞ்ச நாளைக்குக் கொழுப்பு குறைச்சலா குடுங்க. வெண்ணெய், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். புண் ஆறணும் இல்லையா?"

அவ்வளவுதான். கொளுத்திப் போட்டாயிற்று. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதுமே மாஸ்டரின் மனைவி ஆரம்பித்தாள்.

"கேட்டீங்களா அண்ணே? வெண்ணெய்ன்னு அவங்க வாயாலயே சொல்றாங்க."

"ஊசின்னும் சொன்னாங்களேம்மா."

"ஊசி எல்லாக் குழந்தைக்கும்தான் போடறாங்க. எல்லாக் குழந்தைக்கும் அத்தை உக்காந்து வெண்ணெயா ஊட்டறாங்க?"

வீட்டில் இறங்கியதும் அதையே நாத்தனாரின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அக்கா மாவு பிசைந்த கையோடு நின்றாள்.

"என் வெண்ணெயில குத்தம் கண்டுபிடிச்சவ நீ ஒருத்திதான். இந்த வெண்ணெயில வந்த காசுலதான் உன் புருஷன் மீசை முளைச்சு நிக்கிறான். முட்டையை எண்ணெயில முக்கி முக்கிக் குடுத்தியே, அது என்ன பச்சத் தண்ணியா?"

"என் புள்ளைக்கு நான் குடுத்தேன்."

"உன் புள்ளையா? ராத்திரி பகலா தூக்கி வளத்தவ நான். பெத்துப் போட்டுட்டுக் கல்லாவுல போய் உக்காந்துட்ட."

மாஸ்டர் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு தட்டைத் திருப்பினார். அந்த மனுஷன் வாயைத் திறந்தால் அடுப்பு அணைந்துவிடுமோ என்னவோ. பட்டாணி என் விரலைப் பிடித்துக்கொண்டு அத்தையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டாக்டர் சொன்னது இருவர் காதிலும் விழாமலில்லை. ஆனால் ஊசியோடு எப்படிச் சண்டை போடுவது? நாத்தனாரோடு போடலாம், ஆள் எதிரிலேயே நிற்கிறாள்.

அதற்குப் பிறகு அந்தக் குழந்தை சாப்பிட்டது சாப்பாடு இல்லை, விசாரணை. கஞ்சி குடித்துவிட்டு வந்தால் அத்தை கேட்பாள், "உங்கம்மா அதுல என்ன கலந்தா?" மேஜைப் பக்கம் போய்விட்டு வந்தால் அம்மா வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பாள். ஒரு நாள் பட்டாணி, "வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்றாள். மலச்சிக்கல். அந்த வைத்தியத்தில் அதுவும் வருமாம். அன்று நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மாஸ்டரின் மனைவி ஒரு தட்டு பன்னை அப்படியே தூக்கி வாசலில் வீசினாள். அக்கா இரண்டு கையாலும் மார்பில் அடித்துக்கொண்டு, "நான் விஷம் வெச்சேன்னு சொல்லிடு, வாய் விட்டுச் சொல்லிடு" என்று தெருவே கேட்கக் கத்தினாள். வேலையாட்கள் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பட்டாணி கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்று, "வலிக்கலம்மா, வலிக்கல அத்தை, சும்மா சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யார் கேட்டார்கள்?

இந்த லட்சணத்தில்தான் டாக்டரம்மா மாஸ்டரையும் சேர்த்து மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"அந்த ஊசி இந்த நோய்க்கு ரொம்ப முக்கியமான மருந்து. விட்டுட்டா நோய் திரும்பி வர பயம் கூடும். குடுத்தா கணையம் மறுபடி புண்ணாகலாம். போன தடவை லேசா வந்து போனதால மறுபடி குடுத்துப் பாக்கலாம்னு நாங்க நினைக்கிறோம். ஆனா ஒண்ணு. வயித்துவலின்னு குழந்தை சொன்ன நிமிஷமே இங்க வரணும். அவ சொல்றதுதான் நமக்கு முதல் தகவல். புரியுதா?"

புரிகிறது என்று மூன்று தலையும் ஆடின. ஊசி போட்டார்கள்.

வீட்டில் ஒவ்வொரு நாளும் இருவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். "வயிறு வலிக்குதாடா?" "வலிக்கல." "நிஜமா?" "வலிக்கல." அந்தப் பதிலைக் கேட்டு அம்மா பெருமூச்சு விடுவாள். அத்தை, "பாத்தியா, இப்ப என் கையில ஒண்ணும் வாங்கித் திங்கல, நல்லா இருக்கா இல்ல, அப்ப நான்தான் காரணம்னு ஆயிடுச்சு இல்ல" என்று அதற்கும் ஒரு கணக்கு வைத்திருப்பாள்.

அன்றைக்குக் காலையில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நான் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். பட்டாணிக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, கூட்டத்துக்குப் போகக் கூடாது. மூக்கையும் வாயையும் மூடிய துணியோடு வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக ஹாரனை அடித்து என் உயிரை வாங்குவாள். அன்று சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, நெற்றியை முன்பலகையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் வேர்வை.

"என்ன பட்டாணி?"

"ஒண்ணுமில்ல மாமா."

"வலிக்குதா?"

"வலிக்கல."

"என்கிட்டயே பொய்யா? மூஞ்சியைக் காட்டு."

துணியை இறக்கிக் காட்டினாள். உதடு வெளுத்துக் கிடந்தது. கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"எப்பத்திலிருந்து?"

"நேத்து." பிறகு என் சட்டையைப் பிடித்தாள். "மாமா, சொல்லாதீங்க மாமா. அத்தை எனக்கு ஒண்ணுமே குடுக்கல. அம்மாவும் ஒண்ணும் பண்ணல. சொன்னா மறுபடி தட்டை எல்லாம் வீசுவாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டிக் கதவை அறைந்தேன். "மாஸ்டர்! வெளிய வாய்யா!" என்று போட்ட சத்தத்தில் மூன்று பேரும் ஓடி வந்தார்கள். மாஸ்டர் கையில் நீளக் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, "நீங்க முன்னாடி போங்க, அடுப்புல இருக்கறதை எடுத்துட்டு வந்துடறேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவரால் கருகுகிற ரொட்டியைத்தான் காப்பாற்ற முடியும்.

அம்மா பின்னால் தட்டுகளுக்கு நடுவில் ஏறினாள். அக்காவும் ஏறினாள்.

"நீங்க எதுக்கு?"

"நான் வருவேன். என் புள்ள."

"இறங்குங்க அண்ணி."

"நீ இறங்கு."

நான் வண்டியை எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் நிலை தடுமாறித் தட்டுகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் ரொட்டி வாசனையை இறைத்துக்கொண்டு போகிற வண்டி அது. உள்ளே அந்த வாசனையில் பட்டாணிக்குக் குமட்டியது. கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

"நேத்து மேஜைகிட்ட நின்னுட்டு இருந்தா. நான் பாத்தேன்," என்றாள் அம்மா.

"நின்னா? நின்னா வயிறு வலிக்குமா? நிழல் பட்டாலே விஷமா நான்?"

"என்ன குடுத்தீங்க? சொல்லிடுங்க. டாக்டர்கிட்ட சொல்லணும்."

"உன் கஞ்சியில என்ன இருந்துச்சோ அதைச் சொல்லு முதல்ல."

"அம்மா," என்றாள் பட்டாணி. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். முழங்காலை இறக்கி, இரண்டு கையையும் சீட்டில் ஊன்றிக்கொண்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டாள். "இப்ப வலிக்கல. போயிடுச்சு. வீட்டுக்குப் போயிடலாம். மாமா, வண்டியைத் திருப்புங்க."

"பாத்தியா, வலிக்கலையாம்," என்றாள் அக்கா.

"உங்களைக் காப்பாத்தறதுக்குத்தான் அப்படிச் சொல்றா."

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!" என்று நான் போட்ட கத்தலில் முன்னால் போன சைக்கிள்காரன் பயந்து ஓரத்தில் இறங்கிவிட்டான். "இன்னொரு வார்த்தை பேசினீங்க, ரெண்டு பேரையும் இங்கயே இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன். அத்தையாம், அம்மாவாம். தூ."

அதன் பிறகு அந்த வண்டியில் வண்டியின் இருமல் மட்டும்தான் கேட்டது. பட்டாணி சாய்ந்துகொள்ளாமலே வந்தாள். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடினாள், சத்தம் மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சிஸ்டர் ஒரு அட்டையைக் கொண்டுவந்தாள். வரிசையாக முகம் வரைந்திருந்தது. முதலாவது முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும்.

"உனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு இதுல தொட்டுக் காட்டு கண்ணு."

பட்டாணி அட்டையைப் பார்க்கவில்லை. கட்டிலின் இந்தப் பக்கம் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கம் நின்ற அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்கிற முகத்தைத் தொட்டாள்.

டாக்டரம்மா வந்து வயிற்றில் கையை வைத்தார். அவர் முகம் மாறியது. மெல்ல அழுத்தினார். பட்டாணியின் கால் விரல்கள் மடங்கின. "வலிக்கல," என்றாள்.

"வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடக்கு. எப்படிடா வலிக்காம இருக்கும்?" டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "வலி எப்ப ஆரம்பிச்சுது? எந்தப் பக்கம்? முதுகுக்குப் போகுதா? இது தெரியாம நான் மருந்தோட அளவை எப்படி முடிவு பண்றது? கூடிக்கிட்டே போகுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? போன தடவை அப்படிக் கத்தின குழந்தை. இந்தத் தடவை யாரு வலிக்கலன்னு சொல்லிக் குடுத்தது?"

"நான் சொல்லிக் குடுக்கல," என்றாள் அக்கா உடனே.

"அப்ப நானா?" என்றாள் அம்மா.

"வலிக்கல, வலிக்கல," என்றாள் பட்டாணி அவசர அவசரமாக.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இவங்கதாங்க சொல்லிக் குடுத்தாங்க," என்றேன். "ரெண்டு பேரும் சேந்து. அந்த வீட்டுல இவங்க சேந்து செஞ்ச ஒரே வேலை இதுதான். குழந்தை வயிறு வலிக்குதுன்னு சொன்னா உன் வெண்ணெய், உன் எண்ணெய்ன்னு தட்டு பறக்கும். அதனால அது வலியை முழுங்கக் கத்துக்கிச்சு. நேத்திலிருந்து வலிக்குதாம். வண்டியில என்கிட்ட சொல்லிச்சு, சொல்லாதீங்கன்னு என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு."

அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அக்கா தன் கையில் ஒட்டிக் காய்ந்திருந்த மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டரம்மா நிறைய பேசவில்லை. "ஊசிதான் காரணம்னு அன்னிக்கே சொன்னேன். இனிமே அந்த ஊசி இவளுக்குக் கிடையாது, வேற வழி பாக்கணும். அது அப்புறம். இப்ப இந்தக் கணையம் எவ்வளவு கெட்டிருக்குன்னு தெரியணும். நேத்தே வந்திருந்தா எனக்கு ஒரு நாள் கையில இருந்திருக்கும்." கதவைக் காட்டினார். "வெளிய போங்க. ரெண்டு பேரும்."

"நான் அம்மா..."

"போங்க."

என்னையும் சேர்த்துத்தான் துரத்தினார்கள். கதவு சாத்தியது. நடைபாதையில் மருந்து நெடி. மூன்று பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே சிஸ்டரின் குரல் கேட்டது.

"இப்ப யாரும் இல்ல கண்ணு."

"அத்தை?"

"வெளிய போயிட்டாங்க."

"அம்மா?"

"அம்மாவும்தான்."

கட்டில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

"கதவு நல்லா சாத்தியிருக்கா?"

"சாத்தியிருக்கு."

பிறகுதான் அந்தக் குழந்தை கத்தியது. அப்படி ஒரு கத்தலை நான் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். நேற்றிலிருந்து அடக்கி வைத்தது அத்தனையும் வெளியே வந்தது. "வலிக்குது, வலிக்குது, இங்க வலிக்குது, முதுகுல வலிக்குது, அம்மா, அத்தை, அம்மா, வலிக்குதே..." டாக்டரம்மா உரத்த குரலில் எதையோ கேட்க, அதற்கும் அழுகைக்கு நடுவில் பதில் சொன்னது. சிஸ்டர் யாரையோ மருந்தை எடுத்துவரச் சொல்லி விரட்டினாள்.

மாஸ்டரின் மனைவி பாய்ந்து போய்க் கதவுப் பிடியைப் பிடித்தாள். அக்கா பின்னாலேயே போய் அவளுடைய மணிக்கட்டைப் பற்றினாள். மாவு பிசைந்த கை, அந்தப் பிடியிலிருந்து யாராலும் திமிற முடியாது.

"விடுங்க. என் புள்ள கூப்பிடுது."

"என்னையும்தான் கூப்பிடுது."

"விடுங்கன்னா!"

"போகாத," என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. "நாம உள்ள போனா நிறுத்திடுவா."

அவளை முறைத்துக்கொண்டு நின்றாள் மாஸ்டரின் மனைவி. கண்ணில் அத்தனை வெறுப்பு. ஆனாலும் கதவுப் பிடியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அக்கா மட்டும் மணிக்கட்டை விடவில்லை. பாசமெல்லாம் ஒன்றுமில்லை, விட்டால் ஓடிவிடுவாள் என்ற பயம்தான். உள்ளே பட்டாணி அம்மா என்றும் அத்தை என்றும் மாறி மாறிக் கூப்பிட்டுக் கதறிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றார்கள்.